கோழி என்றால் சேவலும் அடக்கம்

1

போன வாரம் எங்கள் வீட்டில் கேக் வெட்டினோம். யாருக்கும் பிறந்தநாள் இல்லை, கல்யாண நாளும் இல்லை. ஒரு சட்டத்துக்கு ஒரு வயது முடிந்தது. சட்டத்துக்குக் கேக் வெட்டிய குடும்பம் அரியலூர் மாவட்டத்தில் எங்களைத் தவிர வேறு இருந்தால் எனக்கு எழுதுங்கள், சம்பந்தம் பேசலாம்.

நான் இருப்பது நியூசிலாந்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமுள்ள ஒரு சின்ன டவுனில். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் பால் பவுடர் தொழிற்சாலையில் இருக்கிறார். ஒரே மகள் ஜெனி, ஒன்பதாம் வகுப்பு. நான் பிறந்த ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர். அங்கே இப்போது என் அண்ணன் சகாயம் இருக்கிறார். அரியலூர் கோர்ட்டில் வக்கீல்.

எங்கள் வீட்டில் இன்னொரு வக்கீலும் இருக்கிறார். ஜெனியின் பள்ளியில் முட்டை பொரிக்க வைத்து, பொரிந்த குஞ்சுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெட்டை என்று நம்பித்தான் வாங்கி வந்தாள். வளர வளர உடம்பு முழுக்கக் கறுப்பு, கழுத்தில் மட்டும் பட்டை போல வெள்ளை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடை. ஒரு நாள் வேலி மேல் ஏறி நின்று கூவியதும்தான் விஷயம் தெரிந்தது. வீடியோ காலில் பார்த்த அண்ணன், "அடேங்கப்பா, எங்க பார் அசோசியேஷன்ல சேத்துக்கலாம் போலருக்கே" என்றார். அன்று முதல் அதற்கு வக்கீல் என்றே பெயர்.

சிரிப்பாக வைத்த பெயர்தான். ஆனால் அந்தச் சேவலை நான் விட்டுக்கொடுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெனிக்கு நான் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "சாப்புட்டியா?" என்றால் "யெஸ் மம்". வையச் சொன்னாலும் ஆங்கிலத்தில்தான் வைவாள். ஆனால் சேவலை மட்டும் தமிழில் திட்டுவாள். குஞ்சாக இருந்தபோது நான் அதைத் திட்டியதைக் கேட்டுக் கேட்டு, அதோடு பேசும் பாஷை இதுதான் என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. "ஏ வக்கீலு, எறங்குடா கீழ! ஒனக்கு எத்தன தடவ சொல்றது?" என்று அவள் கத்தும்போது, சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படியே எங்கள் தெருப் பிள்ளை. எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

2

கோடையில் இங்கே விடியல் சீக்கிரமே வந்துவிடும். வக்கீல் அதற்கும் முன்னால் வாதத்தைத் தொடங்கிவிடுவார். அடுத்த வீட்டு கிரஹாம் ஓய்வுபெற்ற மனிதர், எப்போதும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறவர். ஒரு நாள் தொப்பியைத் தொடாமல் உள்ளே போனார். அடுத்த வாரம் நகர மன்றத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். டவுனுக்குள் பெட்டைக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது, அதுதான் விதி என்றார். கோபமே இல்லாமல், பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அந்த விதியை இந்த ஆண்டு மாற்றி எழுதப் போகிறார்கள், அதுவரை நடவடிக்கை இல்லை, "ஹியரிங் இருக்கிறது, விருப்பமிருந்தால் வந்து பேசுங்கள்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஹியரிங் என்ற சொல் அரியலூர்க்காரி காதில் எப்படி விழும்? "இன்னிக்கு ஹியரிங், நாளைக்கு வாய்தா" என்று கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஹியரிங் என்றால் கோர்ட்தான்.  உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

கேட்டதும் அண்ணனுக்குத் தீபாவளிதான்.

"நீ ஏம்மா கவலப்படுற? மொதல்ல ஒரு ஸ்டே வாங்கணும்."

"சேவலுக்கு ஸ்டே குடுப்பாங்களாண்ணே?"

"எதுக்கு வேணாலும் குடுப்பாங்க, கேக்குற வெதமா கேக்கணும். விதியில என்ன இருக்கு? கோழி வளக்கலாம்னு இருக்கா?"

"பெட்டக்கோழின்னுதான் அந்தம்மா சொன்னாங்க."

"எழுத்துல எப்புடி இருக்குன்னு பாரு. கோழின்னா சேவலும் அடக்கம். கோழி கூவுற நேரத்துக்கு எந்திரிச்சேன்னு சொல்றமா இல்லியா? கூவுறது எது? பெட்டயா கூவுது? சேவல்தானே! ஆக, கோழின்னா சேவல். நல்ல ஜட்ஜ் ஒருத்தர் கெடச்சா போதும், தீர்ப்பு வாங்கிக் காட்டுறேன்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய விதிக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கை வைத்துப் பொருள் சொல்கிறோமே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவள் வானம் ஏறி வைகுண்டம் போகக் கிளம்பினேன்.

3

அந்த நாட்களில்தான் ஜெனிக்குப் பள்ளியில் ஒரு பாடம் வந்தது. சொந்த நாட்டில் சட்டம் எப்படி உருவாகிறது என்று எழுத வேண்டும். என்னிடம் வந்தாள். நான் சட்டமன்றம் என்றேன். குறித்துக்கொண்டு போய் எழுதி வந்து காட்டினாள். "சட்டமன்றத்தில் கறுப்பு கோட் போட்ட ஜட்ஜ் உட்கார்ந்து சட்டம் சொல்வார்" என்று இருந்தது.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்குக் கோபம். சட்டம் இருக்கிற மன்றம்தானே சட்டமன்றம், அப்படியென்றால் கோர்ட்தானே என்று கேட்டாள். தப்பைத் திருத்திவிட்டு, அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"புள்ள சரியாத்தானே எழுதிருக்கு" என்றார். "இப்பல்லாம் சட்டம் அங்கதானே பொறக்குது."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போவார்கள். பாலம் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து ஊர் ஓய்ந்துபோனது. கடைசியில் அண்ணன் வழக்குப் போட்டார். மேல் கோர்ட்டில் இருந்த நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார், பாலம் வந்துவிட்டது. அந்தப் பாலத்தில் நடக்கும்போதெல்லாம் அண்ணனுக்கு நெஞ்சு விரியும், எனக்கும்தான்.

"சொல்லு பாப்போம்" என்பார். "அப்ப எந்த மன்றம் எங்களக் கேட்டுச்சு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது, அதை அண்ணனே மறக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி இருந்தது. கோயில் என்றால் மாதா கோயில். அதில் வருவது திருவிழாப் பாட்டு மட்டும் இல்லை. யாராவது இறந்தால் அதில்தான் சொல்வார்கள். தண்ணீர் எப்போது திறப்பார்கள், காணாமல் போன ஆடு யார் வீட்டில் நிற்கிறது, எல்லாம் அதில்தான். பிறகு எங்கோ ஒரு பெரிய ஊரில் யாரோ இரைச்சல் தாங்காமல் வழக்குப் போட, கூம்பு கூடாது என்று உத்தரவு வந்தது. போலீஸ்காரர் வந்து பணிவாகத்தான் சொன்னார், கழற்றிவிட்டார்கள். வழக்குப் போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நெஞ்சு வலிக்காரரும் எந்த ஊரிலும் உண்டு. நீதிபதியையும் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் நின்றவர்களுக்கு நியாயம் சொன்னார். ஆனால் அந்த வழக்கில் எங்கள் ஊர் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. கூம்பில்தான் எங்களுக்குச் சாவுச் செய்தி வரும் என்று அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்த வருஷம் எங்கள் பெரியப்பா இறந்தார். அவருடைய உயிர்ச் சிநேகிதர் முந்திரிக்காட்டில் காவல் இருந்தார், அவரிடம் போனும் கிடையாது. அடக்கம் முடிந்து மண் காய்ந்த பிறகு வந்து சேர்ந்தார். "என்னய மட்டும் வுட்டுட்டீங்களேப்பா" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அண்ணன் இதைச் சொல்லும்போது மட்டும் வக்கீல் குரல் இருக்காது.

4

ஹியரிங் நாள் வந்தது. கோர்ட்டுக்குப் போகிற மாதிரி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். கணவரைச் சாட்சி என்று கூட்டிப் போனேன், பாவம், அவர் லீவு போட்டு வந்தார். ஜெனி வக்கீலின் புகைப்படத்தைக் கையில் வைத்திருந்தாள்.

உள்ளே போனால் கூண்டு இல்லை, உயர்ந்த மேடை இல்லை, "சைலன்ஸ்" என்று கத்தும் டவாலி இல்லை. அரை வட்டமாக மேசை போட்டுச் சாதாரண உடுப்பில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் டீயும் கேக்கும் இருந்தன. ஜட்ஜ் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, இவர்கள் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்தேன். நடுவில் இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பி, அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி, "மை லார்ட்" என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. "என்னையா சொன்னீர்கள்? நான் டிராக்டர் உதிரிப்பாகம் விற்கிறவன் அம்மா" என்றார். அவர்தான் மேயராம். "அது சரி, போன தேர்தலில் எனக்கு ஓட்டுப் போட்டீர்களா?"

"இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். மன்றமே சிரித்தது, அவர்தான் அதிகம் சிரித்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது கோர்ட் இல்லை, இவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் படித்து வந்த வாதத்தை விட மனசில்லை. கோழி என்றால் சேவலும் அடக்கம் என்று தொடங்கினேன். எங்கள் மொழியில் கோழி கூவும் என்றுதான் சொல்வோம் என்பதையும் விளக்கினேன். ஒரு பெண் உறுப்பினர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொல்கிறபடி வைத்துக்கொண்டால் உங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் சேவல் இருக்கலாம். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம்" என்றேன்.

அவ்வளவுதான், அண்ணன் கட்டிய வழக்கு அங்கேயே சாய்ந்தது. எனக்கு வேண்டியது என் வீட்டுச் சேவல். அதற்காகச் சொல்லுக்குப் புதுப் பொருள் சொல்லி ஒரு தீர்ப்பு வாங்கியிருந்தால், அது ஊர் முழுக்கச் சட்டமாகி, கேட்டவர் கேட்காதவர் எல்லார் தலையிலும் கூவியிருக்கும். எங்கள் ஊர்க் கோபுரம் ஞாபகம் வந்தது. வாதத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். என் மகள் தமிழ் பேசுவது இந்தச் சேவலிடம் மட்டும்தான், இது போனால் எங்கள் வீட்டில் அவள் தமிழும் போய்விடும் என்றேன். ஜெனி கையிலிருந்த புகைப்படத்தை வாங்கிக் காட்டினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

எனக்குப் பிறகு ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞர் எழுந்தார். அவருக்கும் எங்கள் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை, வேறு தெரு. இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர், விடியற்காலைக் கூவலைவிடப் பத்து மணிக் கூவல்தான் தனக்குக் கொடுமை என்றார். நான் அதை யோசித்ததே இல்லை. கோர்ட்டாக இருந்தால் நீ யார் என்று கேட்டு அவரை உட்கார வைத்திருப்பார்கள்.

கடைசியில் கிரஹாம். காகிதம் எதுவும் இல்லாமல் பேசினார். மனைவி மார்கரெட்டுக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது, இரவெல்லாம் வலி, விடிகிற நேரத்தில்தான் கண் அசருவாள். சேவலைக் கொல்லச் சொல்லவில்லை, பெரிய சண்டையும் வேண்டாம், ஏழு மணி வரை அவளைத் தூங்க விட்டால் போதும் என்றார்.

ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது. முதியோர் இல்லத்தில் ஊரார் வலியெல்லாம் பார்க்கிறவள் நான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வெளியே வந்ததும் கிரஹாமுக்கு நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் தொப்பியைத் தொட்டார்.

5

சில வாரம் கழித்து ஓட்டெடுப்பு நடந்தது. நாங்களும் போய் உட்கார்ந்திருந்தோம். யாரும் கேட்காத ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வேலி பங்கிடும் வீட்டார் சம்மதித்தால் ஒரு சேவல் வைத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணி வரை இருட்டான கூண்டில் அடைக்க வேண்டும். இரவு வேலைக்காரர் குடியிருக்கும் தெருக்களுக்கு வேறு நேரம். ஓராண்டு பார்ப்போம், சரிப்படாவிட்டால் மாற்றுவோம். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஜெனி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் கை தூக்கப்பட்டபோதுதான் தேறியது. தூக்கியவர் மேயர்.

"அடுத்த தேர்தலில் யோசியுங்கள்" என்றார் என்னைப் பார்த்து.

காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். "அம்மா, இதான் சட்டமன்றமா?" என்றாள் ஜெனி. தமிழில் கேட்டாள், பக்கத்தில் சேவல் இல்லை. "சின்னதா ஒண்ணு, ஆமாண்டி" என்றேன். கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். 

அண்ணனுக்குத் தோற்ற மாதிரி இருந்தது. "ஜெயிச்சதென்னவோ சரி. ஆனா நாளைக்கே மாத்திப்புட்டாங்கன்னா?"

"மாத்தட்டும்ணே. நாமளும் போயி நின்னு பேசி மறுபடி மாத்திக்கலாம். ஒந்தீர்ப்பு தப்பாப் போனா நான் யாருகிட்டப் போயி ஓட்டுப் போட மாட்டேன்னு சொல்றது?"

"எல்லா எடத்துலயும் இப்புடி ஒக்காந்து காது குடுத்துக் கேப்பாங்களாம்மா? எங்கள ஒருத்தனும் கூப்புட்டுக் கேக்கல."

"கிராம சபைன்னு ஒண்ணு நம்ம ஊர்லயும் கூடுதே. நீ ஒரு தடவையாவது போயிருக்கியா?"

அடுத்த கிராம சபை எப்போது என்று அண்ணன் அண்ணியிடம் கேட்பது போனில் கேட்டது. 

மே தினத்தன்று கூடிய கிராம சபைக்கு அண்ணன் போயிருக்கிறார். கூட்டம் வேப்பமரத்தடியில். எழுந்து நின்று, பழக்கத் தோஷத்தில், "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டாராம். நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டதாக அண்ணி சொன்னாள். உடன்பிறப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சாவுச் செய்திக்கும் தண்ணீருக்கும் மட்டும், பகலில் மட்டும், பஞ்சாயத்து ஆபீசில் ஒரு சின்னப் பெட்டி ஒலிபெருக்கி வைப்பது என்று பேசினார்கள். ஒலி பக்கத்து வீட்டு நெஞ்சு வலிக்காரரைத் தொந்தரவு செய்யாதபடி எந்தத் திசையில் திருப்புவது என்று அரை மணி நேரம் வாக்குவாதமாம். கூம்பைப் பற்றிச் சட்டமன்றமே ஒரு தெளிவான சட்டம் போடட்டும் என்றும் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சட்டம் வருமா, தெரியாது. கேட்டிருக்கிறார்கள்.

6

கேக் விஷயத்துக்கு வருகிறேன். ஓராண்டு முடிந்தது, விதி தொடரும் என்று நகர மன்றம் சொல்லிவிட்டது. கிரஹாமையும் மார்கரெட்டையும் கூப்பிட்டோம். மார்கரெட் இப்போது நன்றாக இருக்கிறார். தூங்க முடியாமல் சன்னல் ஓரம் படுத்திருந்த நாட்களில் ஜெனி சேவலைத் திட்டுவதைக் கேட்டுத்தான் சிரிப்பாராம். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து அர்த்தம் கேட்டுக் கற்றுக்கொண்டும் விட்டார். ஜெனிதான் வாத்தியார். அதைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே என்னிடம் வந்து, "அம்மா, எறங்குன்னா வருமா, எறங்குடான்னா வருமா?" என்று கேட்கிறாள். இப்போதெல்லாம் சாப்பிட்டாயா என்றால் "சாப்ட்டேம்மா" என்று வருகிறது, பாதி நாளாவது.

கேக்கை நடுவில் வைத்து அண்ணனை வீடியோவில் கூப்பிட்டோம். இங்கே மாலை, அங்கே காலை. அண்ணி போனைத் தூக்கிக் காட்டினாள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவர், அதில் ஓர் ஏணி, ஏணி உச்சியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அண்ணன். கரண்ட்காரர் வரத் தாமதம் என்று பெட்டியைத் தானே மாட்டிக்கொண்டிருக்கிறார். ஏணி ஆடுகிறது.

"எறங்குங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு, நீயாச்சும் சொல்லு ஸ்டெல்லா" என்று அண்ணி புலம்புகிறாள்.

"கோர்ட்டுக்கு நேரமாச்சு, முடிச்சிட்டுத்தான் எறங்குவேன்" என்று மேலேயிருந்து அண்ணன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வக்கீல் பறந்து வந்து, கேக் இருந்த மேசையில் ஏறி நின்றது. மார்கரெட் இருந்த இடத்திலிருந்தே கையை ஓங்கிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி, சுத்தமான எங்கள் தெருத் தமிழில் கத்தினார்.

"ஏ வக்கீலு! எறங்குடா கீழ!"

அரியலூர் மாவட்டத்தில் என் அண்ணன், "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார்.